பொட்டலமும் ஒரு பயணிதான்

மலேசியாவின் கம்போங் ராஜா மலையூரில் டாக்சி ஏறி புளூ வேலி எஸ்டேட்டுக்குப் போகும் பயணிக்குக் காப்புறுதி உண்டு. அதே சீட்டில் தனியாகப் போகும் மீ கோரெங் பொட்டலத்துக்கு? 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்க முடியாது. ஆனால் பாலிசியின் பொடி எழுத்தில் பயன்பாட்டு வரம்பு என்றொரு பத்தி இருக்கிறது. ஆளை ஏற்ற எடுத்த பாலிசி, கூலிக்குச் சோறு ஏற்றுவதையும் தாங்குமா என்பதை அந்தப் பத்திதான் சொல்லும். சிங்கப்பூரில் 2020 மார்ச் இறுதியில், தொற்றுக்கால ஏற்பாடாக, டாக்சிகள் உணவு கொண்டுபோக அனுமதி கிடைத்தது. ஆனால் அனுமதி தருவது போக்குவரத்து ஆணையம். அடிபட்ட வண்டிக்குப் பணம் தருவது வேறு ஆள்.

ஒரு பொட்டலத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பார்கள். பனிமூட்டத்தில் வளைவில் சறுக்கும் கார், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தா சறுக்குகிறது? அப்படியானால் ஆபத்து ஒன்றுதானே, பிரீமியம் ஏன் மாற வேண்டும் என்று கேட்டால், அது பாதி நியாயம். மீதிப் பாதி இது: பயணி “மெதுவா போங்கண்ணே” என்பார், ஆறிக்கொண்டிருக்கும் குழம்பு அப்படிச் சொல்லாது. ரோட் டேக்ஸ் புதுப்பிக்கும்போது காப்புறுதி ஏஜென்டிடம் இதைக் கேட்டால் முதலில் சிரிப்பார், பிறகு தலைமையகத்துக்குப் போன் போடுவார்.