எட்டு இயக்கமும் ஒரு தறிக்குழியும்

(2024 ஐப்பசி, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். அடைமழை. நெசவாளர் தறிக்குழியிலிருந்து வாளியால் தண்ணீர் இறைக்கிறார். டெல்லி அதிகாரி திண்ணையில் லேப்டாப்போடு.)

அதிகாரி: காலநிலை மாற்றம் உங்களைப் பாதிக்கிறதா, பெரியவரே?

நெசவாளர்: முழங்கால் வரைக்கும் பாதிச்சிருக்கு சார். கால் மிதிக்கிற குழியில ஊத்து கிளம்பிடுச்சு. ஈரத்துல இழை தொய்ஞ்சு போச்சு. தெருவுல பாவு விரிக்கவும் வழியில்ல.

அதிகாரி: கவலை வேண்டாம். 2008-லேயே தேசியச் செயல்திட்டம் போட்டாயிற்று. எட்டு இயக்கங்கள். சூரிய ஆற்றல், நீர், வேளாண்மை, இமயமலை...

நெசவாளர்: இமயமலைக்கே இருக்கா? சந்தோஷம். கடற்கரைக்கு?

அதிகாரி: அந்த எட்டில் இல்லை.

நெசவாளர்: கைத்தறிக்கு?

அதிகாரி: அது ஜவுளி அமைச்சகம். நான் சுற்றுச்சூழல்.

நெசவாளர்: தண்ணி எந்த அமைச்சகம்னு கேக்காம உள்ள வந்துடுச்சே சார்.

அதிகாரி: 2015-ல் தகவமைப்புக்கென்றே தேசிய நிதியம் தொடங்கினோம். நபார்டு மூலம் 30 திட்டங்கள். மன்னார் வளைகுடாவின் கடல் வாழிடங்களைச் சீரமைக்கத் தமிழ்நாட்டுக்கும் பணம் வந்தது.

நெசவாளர்: பவளப்பாறைக்கு அடிச்ச யோகம்! அடுத்தது எங்க தெருவா?

அதிகாரி: 2022 நவம்பரில் அந்த நிதியம் ‘திட்டம் அல்லாதது’ என்று மாற்றப்பட்டது.

நெசவாளர்: நிறுத்திட்டீங்களா?

அதிகாரி: சேச்சே! திட்டமாக இல்லை, அவ்வளவுதான்.

நெசவாளர்: புரியுது. தறி இருக்கு, பாவு இல்ல.

அதிகாரி: 2023-ல் ஐ.நா.வுக்கு அறிக்கையே கொடுத்துவிட்டோம். 2021-22-ல் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5.6 சதவீதம் தகவமைப்புக்குச் செலவு!

நெசவாளர்: இந்த வாளியும் அந்தக் கணக்குல வருதா சார்? நான் என் காசுல வாங்கினது. மீனவருக்குத் தடைக்கால நிவாரணம் இருக்குல்ல? மழையில தறி நின்னா எங்களுக்கும் அப்படி ஒண்ணு, தரையை உசத்திக்க ஒரு கடன். இதை எழுதிக்குங்க.

அதிகாரி: (தட்டச்சு செய்தபடி) ‘சமூகத்தின் தாங்குதிறனை வலுப்படுத்துதல்.’ எழுதிவிட்டேன்.

நெசவாளர்: எப்ப நடக்கும்?

அதிகாரி: தேசியத் தகவமைப்புத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. பொறுமை வேண்டும். நெட் ஜீரோ உமிழ்வுக்கே 2070 என்றுதான் குறித்திருக்கிறோம்.

நெசவாளர்: எங்க அத்தி வரதர் பெருமாள் 40 வருஷம் குளத்துக்குள்ள கிடந்துட்டு 2059-லயே எழுந்து வந்துடுவாரே! உங்களுக்கு 11 வருஷம் முன்னாடி. தண்ணிக்குத் தகவமைச்சுக்கிட்ட ஒரே காஞ்சிபுரத்துக்காரர் அவர்தான்.

அதிகாரி: (சிரித்து) அது கிடக்கட்டும். என் மகளுக்குத் தையில் கல்யாணம். கோர்வைப் புடவை ஒன்று வேண்டும்.

நெசவாளர்: தையில வரைவு தயாராயிடும் சார்.

அதிகாரி: புடவை?

நெசவாளர்: 2070-க்குள்ள. முன்பணத்தை மட்டும் இப்பவே கொடுத்துடுங்க. அப்புறம் அது ‘திட்டம் அல்லாதது’ ஆயிடப்போவுது.