சட்டம் பத்திரம்

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தை யாழ்ப்பாணத்து முதலாளிமார் மதிப்பதில்லை என்பது அபாண்டம். சட்டச் சுருக்கத்தை வாசலில் ஒட்டவேண்டும். ஒட்டியிருக்கிறார்கள், நல்லூர்க் கந்தன் கலண்டருக்குப் பின்னால், வெயிலில் மங்கக்கூடாதே! முதலுதவிப் பெட்டியும் உண்டு, களவு போகாமல் பூட்டும் உண்டு. சாவி முதலாளியிடம். முதலாளி கொழும்பில். தலைக்கவசம் பொலித்தீன் உறை பிரியாமல் அலுமாரியில் இருக்கிறது. பரிசோதகருக்குப் பழசையா காட்டுவது? வெல்டிங் பொடியன் சாரமும் செருப்புமாய், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒட்டுகிறான். கடவுள் இமை தந்திருக்க, கண்ணாடி இறக்குமதி எதற்கு? வாசலில் கட்டிய தேசிக்காயும் மிளகாயும் மட்டும் வாராவாரம் தவறாமல் மாற்றப்படுகின்றன.

மூன்று நாளுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு உழைக்க முடியாத காயமென்றால் அறிவிக்கவேண்டும் என்கிறது சட்டம். அதை வரிவரியாய்ப் படித்த ஒரு முதலாளி, விரல் நசுங்கிய பொடியனை மூன்றாம் நாளே காரில் ஏற்றிவந்து கல்லாவில் இருத்தினார்.

"முதலாளி, என்னால எழுத ஏலாதே."

"எழுதாமல் இருக்கத்தானடா உன்னைக் கூட்டிவந்தனான்."

1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் அமுலில்தான் இருக்கிறது. அந்தப் பொடியனுக்கு யாராவது சொல்லிவிடுங்கள்.