முறுக்கிய கட்டைக்கு முதல் ஆப்பு

போன இதழில் மர வில் பற்றி யாரோ கேட்டதற்கு இரண்டு வரி எழுதினேன். அறந்தாங்கி வட்டாரத்தில் இத்தனை வீட்டு வாசலில் முரட்டுக் கட்டை கிடக்கிறது என்பது அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்துத்தான் தெரிந்தது. இந்த இதழில் வேறு கேள்விகளுக்கு இடமில்லை. சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்தருள்க.

கஜா புயலில் சாய்ந்த எங்கள் வேப்பமரத்தின் கட்டை இன்னும் வேலியோரம் கிடக்கிறது. ஆறடி நீளம், நல்ல பருமன். பிளந்து வில் செய்யலாமா?
(ஒரு வாசகர், அரசர்குளம்)

2018 நவம்பர் 16 அன்று விழுந்த மரம். அன்றிலிருந்து வெயிலும் மழையும் கறையானும் முறை வைத்துச் சாப்பிட்டிருக்கும். மிச்சத்துக்கு இப்போது நீங்கள் வருகிறீர்கள்.

விழுந்த வாரமே கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். புயல் ஒரு மரத்தை வளைத்துச் சாய்க்கும்போது வளைவின் உள்பக்கத்து நார்கள் நசுங்கி மடிந்துவிடும். பட்டைக்கு மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இழைத்து வழவழப்பாக்கிய பிறகுதான் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு தென்படும். வில்லை முழுதாக இழுக்கும் நாளில் சரியாக அந்தக் கோட்டில் ஒடியும், அநேகமாக உங்கள் மூக்குக்கு நேரே. கறையான் விட்டுவைத்திருந்தால் அதை அடிக்கட்டையாகப் போட்டு, வேறு கட்டைகளை அதன்மேல் வைத்துப் பிளங்கள்.

மரம் முறுக்கியிருக்கிறதா என்று வெட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா?
(ஒரு வாசகி, நாகுடி)

உண்டு. பட்டையின் வெடிப்புக் கோடுகள் நேரே மேலே ஏறுகின்றனவா, சாய்ந்து மரத்தைச் சுற்றிக்கொண்டு போகின்றனவா என்று பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் காய்ந்து கிடக்கும் பெரிய கிளையில் பட்டையை உரித்துப் பாருங்கள். காயும்போது விழுந்த வெடிப்பு எந்த வழியில் ஓடுகிறதோ அதுதான் நாரின் வழி.

பாடம் படிக்கத் தைலமரம் போதும். தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் 1974-ல் வந்தது. நம் மாவட்டத்தில் அதன் தைலமரக் காடுகளைப் பார்க்காமல் பஸ்ஸில் போக முடியாது. (அவை குடித்த தண்ணீரைப் பற்றி வேறொரு இதழில் சண்டை போடலாம்.) தைலமரக் கம்பு நட்ட எந்தப் பந்தலிலும் நின்று அண்ணாந்து பாருங்கள். சில கம்பில் வெடிப்பு நூல் பிடித்தது போல இறங்கும். பக்கத்திலேயே இன்னொன்றில் அரிசி முறுக்குப் பிழிந்தது மாதிரி சுற்றிச் சுற்றி வரும். ஒரே தோட்டம், ஒரே வயது. சில மரத்துக்குப் பிறவியிலேயே அந்தச் சுபாவம்.

ஆறடி நீளத்துக்குள் கால் சுற்றுக்கு மேல் திரும்பினால் அந்தக் கட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதற்குக் குறைவென்றால் பிளந்து, செதுக்கி, பிறகு சூடு காட்டித் திருத்திக்கொள்ளலாம்.

இவ்வளவு பாடு எதற்கு? மர மில்லில் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் நேராக அறுத்துத் தருவார்களே!
(ஒரு வாசகர், ஆலங்குடி)

நேராகத்தான் அறுத்துத் தருவார்கள். வம்பே அதுதான். மரம் கோணலாக வளர்ந்திருக்கும்போது ரம்பம் நேராகப் போனால் வழியில் எத்தனை நாரை வெட்டுகிறது? சட்டம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பாதி நார் நுனிவரை போகாமல் நடுவிலேயே பக்கவாட்டில் வெளியேறியிருக்கும். கதவு நிலைக்கு அது போதும், ஏனென்றால் நிலையை யாரும் காதுவரை இழுப்பதில்லை. வில்லின் முதுகிலோ, அதாவது எய்பவனைப் பாராமல் இலக்கைப் பார்க்கும் பக்கத்தில், ஒவ்வொரு நாரும் விண்ணென்று இழுபடும். வெட்டுப்பட்ட நார் இருக்கும் இடத்தில் முதலில் ஒரு சிராய் கிளம்பும், அப்புறம் மொத்தமும் கிளம்பும். ஆப்பு வைத்துப் பிளந்தால் விரிசல் நாரோடேயே போகும். ரம்பம் போல அதற்குச் சொந்த அபிப்பிராயம் கிடையாது.

இங்கிலாந்துக்காரர்களுக்கு வில் கட்டை எவ்வளவு பெரிய கவலை தெரியுமா? நான்காம் எட்வர்டு காலத்தில், 1472-ல், கப்பலில் சரக்குக் கொண்டுவரும் வணிகர்கள் டன்னுக்கு நான்கு வில் கட்டையும் கொண்டுவர வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். அவர்கள் வில் செய்யும் யூ மரம் உள்ளூரில் போதவில்லை. ஐரோப்பாவிலிருந்து நல்ல கட்டை வர வேண்டியிருந்தது. 1545-ல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலை 1982-ல் தூக்கினார்கள். அதிலிருந்து முழுசாகக் கிடைத்த வில் மட்டும் நூற்றுக்கு மேல். கணு வந்த இடத்தில் வெட்டித் தள்ளாமல் அதைச் சுற்றிக் கொஞ்சம் கூடுதல் சதை விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். உங்கள் மில்காரர் கணுவைக் கண்டால் அப்படிச் செய்வாரா, கேட்டுப் பாருங்கள்.

சரி, பிளக்கிறேன். எப்படி?
(ஒரு வாசகர், ஆவுடையார்கோவில்)

மூன்று வார்த்தையில் கேட்டுவிட்டீர்கள். பதில் நீளும்.

மரத்தை வெட்டிய அன்றே இரண்டு முனையிலும் பெயின்டோ பெவிகாலோ கனமாகப் பூசுங்கள். வெட்டுவாய் வழியாகத்தான் ஈரம் முதலில் ஓடும்; ஓடினால் முனை வெடிக்கும். கூடிய சீக்கிரம் பிளந்துவிடுங்கள். பச்சையில் பிளப்பது எளிது, காய்ந்த கருவேலம் கோடாரியின் வாயைத்தான் பிளக்கும்.

முனையில் நடுக்குருத்தைத் தொட்டுக்கொண்டு ஏற்கனவே ஒரு வெடிப்பு இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மரம் தானாகப் பிளக்க விரும்பும் இடம் அதுதான். அந்தக் கோட்டில் இரண்டு இரும்பு ஆப்பு வைத்து, சம்மட்டியால் மாறி மாறி அடியுங்கள். விரிசல் கட்டையின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடத் தொடங்கும். ஓடிய இடத்தில் மூன்றாவது ஆப்பு. அதை இறக்கினால் முதல் ஆப்பு தளரும், அதை எடுத்து முன்னால் வையுங்கள். இப்படியே ஒன்றை ஒன்று தாண்டிக் கடைசிவரை போக வேண்டும். வாய் நன்றாகத் திறந்தபின் கருவேல மர ஆப்பே போதும்.

முரட்டுக் கட்டை இரண்டாகப் பிளந்த பிறகும் பிரியாது. உள்ளே நார்கள் இந்தப் பாதிக்கும் அந்தப் பாதிக்கும் பாலம் போட்டு நிற்கும். அவற்றைக் கோடாரியால் வெட்டிவிடுங்கள். கையை உள்ளே விடவே விடாதீர்கள். பஞ்சதந்திரக் குரங்கு ஆப்பைப் பிடுங்கிய கதையில் விரிசலில் மாட்டியது வால் என்று சொல்லி நாம் பிள்ளைகளுக்குச் சிரிப்புக் காட்டுகிறோம். ஆறடிக் கட்டையின் விரிசல் மூடும் வேகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

எப்போதும் பாதியாகவே பிளக்க வேண்டும். முழுக்கட்டையை இரண்டாக, ஒவ்வொன்றையும் மறுபடி இரண்டாக. பேராசைப்பட்டு ஓரத்தில் ஒரு துண்டை மட்டும் உரிக்கப் பார்த்தால் விரிசல் மெலிந்த பக்கம் சாய்ந்து வெளியே ஓடிவிடும். கால் கட்டை பிளக்கும்போது விரிசல் ஒரு பக்கம் ஓடத் தொடங்கினால், தடித்த பக்கத்தைக் கீழே போட்டு அழுத்தி வளையுங்கள். எந்தப் பக்கத்தை வளைக்கிறீர்களோ அந்தப் பக்கம் விரிசல் திரும்பும். ஆசாரிமார்களிடம் இதை யாரும் பாடமாகச் சொல்லித் தர மாட்டார்கள், கையில் வந்துவிடும்.

எதற்கும் மசியாத கட்டை என்றால், பட்டையை எடுத்துவிட்டு மேலே ஒரு அங்குல ஆழத்துக்கு மின் ரம்பத்தால் கோடு கீறி, அந்தக் கோட்டில் ஆப்பு இறக்குகிறவர்கள் உண்டு. நல்ல யோசனை. ஆனால் நூல் போட்டு நேராகக் கீறக் கூடாது. நார் திரும்பினால் கோடும் கூடவே திரும்ப வேண்டும். நேராகக் கீறினால் மில்லுக்கே போயிருக்கலாம்.

இன்னொன்று: அடிபட்டு அடிபட்டு ஆப்பின் தலை குடையாக விரிந்திருந்தால் அரத்தால் ராவிவிடுங்கள், அதிலிருந்து இரும்புச் சில்லு தெறிக்கும். கண்ணாடி போடாமல் சம்மட்டி தூக்காதீர்கள்.

என் வீட்டுக்காரர் பிளந்த கட்டைகளைத் திண்ணை முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார். காய வேண்டுமாம். எத்தனை நாள்?
(ஒரு வாசகி, கீரமங்கலம்)

அக்கா, நாள் என்றா சொன்னார்? அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது மேல்நாட்டுக் கணக்கு. நம் ஊர் வெப்பத்தில் அவ்வளவு ஆகாது, ஆனால் அவசரப்பட்டு அக்னி நட்சத்திர வெயிலில் காய வைத்தால் வெடித்துப் போகும். பட்டையை உரித்தாரா என்று மட்டும் பாருங்கள். உரிக்காவிட்டால் பட்டைக்கடியில் வண்டு குடித்தனம் வந்து, வில்லின் முதுகாக வேண்டிய இடத்தையே அரித்து வைக்கும். வில் உருவத்துக்கு ஓரளவு செதுக்கிவிட்டால் கனம் குறைந்து சீக்கிரம் காயும். அதற்குப் பிறகு பரணில் போடச் சொல்லுங்கள். திண்ணை உங்களுக்கு.

நம் பக்கம் எந்த மரம் வில்லுக்குத் தோது? சீமைக்கருவேலம்தான் கணக்கில்லாமல் கிடக்கிறதே?
(ஒரு வாசகர், மீமிசல்)

கிடக்கிறது. அதை வேரோடு பிடுங்கச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவே போட்டது. பின்னால் அதற்குத் தடையும் வந்தது. மரம் நல்ல கெட்டி. ஆனால் ஆறடிக்குக் கணு இல்லாமல், கிளை இல்லாமல், நேராக ஒரு சீமைக்கருவேலம் கண்டால் எனக்கும் எழுதுங்கள், வந்து பார்க்கிறேன். நாட்டுக் கருவேலம் வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் பேர் போனது, அதுவும் கோணல் பிரியர்தான். கடற்கரைப் பக்கத்துச் சவுக்கு நேராக வளரும், நன்றாகப் பிளக்கும். பசிபிக் தீவுகளில் அதில் ஈட்டியும் தடியும் செய்திருக்கிறார்கள். காயும்போது வெடிப்பதுதான் அதன் குறை. கைப்பிடிப் பருமன் கம்பாக எடுத்து இரண்டாகப் பிளந்து முயன்று பார்க்கலாம்.

ஆனால் என் ஓட்டு பனைக்கு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் வில்லுக்கு ஆகும் பொருள்களாகச் சொல்வது நான்கு: பனை, மூங்கில், மரம், கொம்பு. பனை முதலில் வருவதைக் கவனியுங்கள். நாண் திரிக்க அது சொல்லும் நார்களில் எருக்கும் ஒன்று. பனையும் எருக்கும் இல்லாத புறம்போக்கை நம் தாலுகாவில் காட்டுங்கள் பார்க்கலாம்! பனைக்குக் கிளை கிடையாது, ஆகவே கிளைக் கணு கிடையாது. ஆண்டு வளையமும் இல்லை. கறுப்பு நார்க்கட்டுகள் வெளிவட்டத்தில் நெருக்கமாகவும் உள்ளே போகப் போகக் கலைந்தும் இருக்கும். வயதான பனையின் வெளிவட்டத்தைத்தான் வைரம் பாய்ந்தது என்கிறோம். அதைப் பிளந்து பனங்கை எடுத்து ஓட்டு வீடு கட்டிய ஊர் இது. மற்ற மரத்தில் பட்டைக்கு அடுத்த நாரைக் கீறாமல் வில்லின் முதுகாக வைத்துக்கொள்ள வேண்டும். பனையிலும் அதே விதிதான்: வெளிப்புறம் முதுகு, செதுக்குவதெல்லாம் உள்பக்கம்.

பனையை வெட்டக் கிளம்பிவிடாதீர்கள். மாநில மரம், ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 2021-ல் அரசு அறிவித்திருக்கிறது. வெட்ட வேண்டிய அவசியமும் இல்லை. பழைய ஓட்டு வீடு இடிக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். தாத்தா காலத்தில் பிளந்து, பல வருஷம் அடுப்புப் புகையில் காய்ந்த பனங்கையை விறகு விலைக்குத் தருவார்கள். ஆணித் துளை இல்லாததாகப் பார்த்து எடுங்கள்.

வில்லுப்பாட்டு வில்லுக்கும் தெற்கே பனைதான் பேர்போனது. காந்தி மகான் கதையை வில்லில் பாடிய கொத்தமங்கலம் சுப்பு 1910-ல் நம் பக்கத்து மண்ணில் பிறந்தவர் என்பதை இந்தச் சாக்கில் சொல்லிவைக்கிறேன்.

வில் செய்து முடித்ததும் முயல் வேட்டைக்குப் போகலாமா?
(ஒரு வாசகர், ஏம்பல்)

போகலாம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வழியிலேயே உங்களுக்காகக் காத்திருக்கும். வைக்கோல் பொதியை அடியுங்கள், அது புகார் கொடுக்காது.

பிளந்த கட்டை எல்லாமே வாழைக்காய் மாதிரி வளைந்து வந்திருக்கிறது. வில்லுக்கு ஒன்றும் தேறாது என்கிறார் ஆசாரி. அடுப்பில் வைத்துவிடவா?
(ஒரு வாசகர், மணமேல்குடி)

பொறுங்கள். ஆசாரி சொன்னது வில்லுக்குத் தேறாது என்றுதானே? கோணல் கட்டையை நேராக்க நம் ஊர் அதிகம் சிரமப்பட்டதில்லை, அந்தக் கோணலுக்கு ஏற்ற வேலையைத்தான் தேடிக் கொடுத்தது. கலப்பைக்கு இயற்கையாக வளைந்த கட்டைதான் வேண்டும். கோட்டைப்பட்டினத்தில் வள்ளம் கட்டுகிறவரிடம் கேளுங்கள், உள்சட்டத்துக்கு வளைவோடு வளர்ந்த மரம் கிடைத்தால் அவர் விடமாட்டார். அறுத்து வளைவு உண்டாக்கினால் நார் வெட்டுப்படும், மில் அண்ணனுக்குச் சொன்ன அதே கதை.

எல்லாவற்றுக்கும் மேலே வளரி. பிறைபோல வளைந்து, ஒரு முனை கனத்து, மறுமுனை மெலிந்த எறிதடி. மெலிந்த முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சுழற்றி எறிவார்கள். சிவகங்கையின் சின்ன மருது தனக்கு இதை எறியக் கற்றுக்கொடுத்ததாக ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனிப் படை அதிகாரி 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பிற்பாடு அதே சின்ன மருதுவுக்கு எதிரான படையில் அவரும் இருந்தார்; குருதட்சிணையில் இது ஒரு வகை. புதுக்கோட்டை சமஸ்தானத் திவான் தந்த வளரி வர்ணனை தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909-ல் வந்த தர்ஸ்டனின் நூலில் இருக்கிறது: கெட்டி மரத்தில் செய்வது, சிலது இரும்பிலும் உண்டு, தேர்ந்த கைகள் இப்போது சமஸ்தானத்தில் இல்லை என்கிறார். எறிந்தால் திரும்பி வருமா என்று அடுத்த கடிதம் வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கனமான வேட்டைத் தடி போய் அடிப்பதற்கு, திரும்பி வருவதற்கு அல்ல. திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். உங்கள் கட்டைகளில் எந்த வளைவு அதற்குப் பொருந்தும் என்று கண்ணே சொல்லும்.

ஆசையாக ஒரு வில்லைச் செதுக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். வீட்டில் எல்லோரும் கேலி செய்கிறார்கள். ஆறுதலாக ஏதாவது சொல்லுங்களேன்.
(ஒரு வாசகர், பேராவூரணி)

1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில், ஆஸ்திரியா-இத்தாலி எல்லையில், 5,300 ஆண்டுப் பழைய உடல் ஒன்று கிடைத்தது. ஓட்சி என்று பெயர் வைத்தார்கள். பக்கத்தில் யூ மரத்தில் பிளந்து செதுக்கிய, ஆளைவிட உயரமான ஒரு வில். வெட்டுத் தழும்புகூட மாறவில்லை. நாண் கட்ட நுனி செதுக்கவில்லை. உங்களுடையதைப் போலவே பாதியில் நிற்கிறது. அதைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகிறார்கள், யாரும் கேலி செய்வதில்லை.

ஆனால் முடிக்காததற்கு அவரிடம் காரணம் இருந்தது. 2001-ல் எக்ஸ்ரேயில் பார்த்தபோது இடது தோளுக்குள் ஓர் அம்புமுனை தெரிந்தது. உங்கள் காரணம் என்ன?