வெரி குட் வாங்கியவர்கள்

எழுபதுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்குத் தெரியும், 'வெரி' என்பது ரேஷன் கடையில்கூடக் கிடைக்காத சரக்கு. கட்டுரை நோட்டில் சிவப்பு மையில் தேதியும் கையெழுத்தும் விழுந்தால் அதுவே பாராட்டு. தப்பே இல்லாமல் எழுதினால் 'குட்' வரும். 'வெரி குட்' எல்லாம் இன்ஸ்பெக்ஷன் நடக்கிற வாரத்தில்தான். இன்று என் பேத்தி யானை என்று சொல்லி ஒரு பூசணிக்காயை வரைந்து எடுத்து வருகிறாள். கீழே 'அமேஸிங்!' என்று எழுதி, பக்கத்தில் தங்க நட்சத்திரமும் ஒட்டியிருக்கிறது. என்றைக்காவது நிஜமாகவே யானையை வரைந்துவிட்டால் அந்த மிஸ் என்ன எழுதுவார் என்பதுதான் என் கவலை.

எங்கள் ஆங்கில வாத்தியாருக்கு ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம்தான் வேதம். 'வெரி டால்' என்று சொல்லலாம். 'வெரி டாலர்' என்றால் பெஞ்சு மேல் ஏற வேண்டும், 'மச் டாலர்' என்று திருத்திச் சொன்னால்தான் இறங்கலாம். 'யுனீக்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒருவன் 'வெரி' போட்டுவிட்டான். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ஒண்ணே ஒண்ணுன்னு அர்த்தம்டா அதுக்கு. ரொம்ப ஒண்ணே ஒண்ணுன்னு சொல்லுவியா?"

'டூ'தான் பெரிய கண்டம்.

"காபி வெரி ஹாட்னா என்னடா?"

"ரொம்பச் சூடு சார்."

"டூ ஹாட்னா?"

"அதுவும் ரொம்பச் சூடுதான் சார்."

"வெரி ஹாட்னா ஊதிக் குடிக்கலாம். டூ ஹாட்னா குடிக்கவே முடியாது. புரியுதா?"

புரியவில்லை. பழி எங்கள் மேல் இல்லை, 'ரொம்ப' மேல்தான். பெருமைக்கும் அதுதான், புகாருக்கும் அதுதான். "பொண்ணு ரொம்ப அழகு" என்பதிலும் "கூலி ரொம்பக் கேக்கறான்" என்பதிலும் ஒரே 'ரொம்ப' என்கிறபோது, இரண்டுக்கும் இங்கிலீஷில் இரண்டு சொல் எதற்கு என்று எந்தப் பையனுக்கும் தோன்றும். ஆனால் 'லிட்டில்', 'எ லிட்டில்' இரண்டையும் அவர் பிரித்துக்காட்டிய விதம் அபாரம். "வீட்ல கொஞ்சம் பால் இருக்குன்னா எ லிட்டில். வந்தவனுக்குக் காபி உண்டு. கொஞ்சந்தான் பால் இருக்குன்னா லிட்டில். வந்தவன் எழுந்து போயிடணும்." ஒரு 'தான்' செய்கிற வேலையை அங்கே ஒரு 'எ' இல்லாமல் போய்ச் செய்கிறது. இதைவிடத் தெளிவாக அதை விளக்கிய புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

பரீட்சையில் 'டூ'வை நீக்கி எழுதச் சொல்வார்கள். 'ஸோ', 'தட்', 'நாட்' மூன்றையும் இறக்கி, இயந்திரம் மாதிரி நீக்குவோம். நீக்கத் தெரிந்த அந்தத் தலைமுறையில் ஒருவரும் அதைப் பேச்சில் சேர்த்து நான் கேட்டதில்லை. இப்போதோ மார்கழி சபா கேன்டீனில் நின்றால் காதில் விழுவதெல்லாம் 'டூ குட்'. கச்சேரி டூ குட், அசோகா அல்வா டூ குட். என்ன செய்ய முடியாத அளவுக்கு குட் என்று கேட்க வாத்தியார் இல்லை. வேடிக்கை என்னவென்றால், காய்கறிக் கடையில் 'டூ மச்' பிசகுவதே கிடையாது. "நூறு ரூபாயா? இது டூ மச்சும்மா" என்று சொல்கிறவரிடம் அந்த 'டூ' அளவு மீறியதைத்தான் குறிக்கிறது. 'ஓவர்' என்பதும் அப்படியே. இலக்கணப் புத்தகத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். கரைத்துக் குடித்தவர்கள் கேன்டீனில் நிற்கிறோம்.

அழுத்தச் சொல்லுக்குக் காசு கேட்ட காலம் ஒன்றும் இருந்தது. தந்திக்கு வார்த்தைக் கணக்கு. 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி' என்பதோடு சரி, 'வெரி சீரியஸ்' என்று எழுதிக் காசைக் கரைக்க யாருக்கும் மனசு வராது. தேவையும் இல்லை. 'சீரியஸ்' என்று பார்த்ததுமே வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும். 2013 ஜூலை 14 இரவோடு தந்தி போயிற்று. இப்போது பிறந்தநாள் வாழ்த்தில் 'ஸோ'வுக்குப் பின்னால் எத்தனை 'ஓ' வேண்டுமானாலும் போடலாம், இலவசம்.

'வெரி'யின் உண்மையான விலை, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஸ்டெனோவாகச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆண்டுதோறும் சி.ஆர். எனும் ரகசியக் குறிப்பு எழுதுவார்கள். அவுட்ஸ்டாண்டிங், வெரி குட், குட், ஆவரேஜ், அதற்கும் கீழே ஒன்று. எங்கள் அதிகாரி ஒருவர் பழைய பள்ளிக்கூடத்து ஆள். நன்றாக வேலை செய்கிறவனுக்கு 'குட்' என்று டிக்டேட் செய்வார். தயங்கித் தயங்கி, "சார், வெரி..." என்று இழுத்தேன். "நல்லவன்னுதானேய்யா எழுதியிருக்கேன், திட்டியா எழுதினேன்?" என்றார். திட்டியிருந்தாலாவது சம்பந்தப்பட்டவனுக்குத் தகவல் போயிருக்கும். 'குட்' பாதகமான குறிப்பு இல்லை என்பதால் அவனுக்குச் சொல்லவே மாட்டார்கள். பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது பேர் மட்டும் இருக்காது.

இது எங்கள் ஆபீஸ் கதை மட்டும் என்று நினைத்திருந்தேன். 2008-இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. எல்லைச் சாலை அமைப்பில் எக்ஸிகியூட்டிவ் என்ஜினீயர் ஒருவர். பதவி உயர வேண்டுமானால் ஐந்து ஆண்டும் 'வெரி குட்' இருக்க வேண்டும். 1993-94-இல் அவருக்கு விழுந்தது வெறும் 'குட்'. அதை அவருக்குச் சொல்லவும் இல்லை. 'வெரி குட்' கட்டாயம் என்கிற இடத்தில் 'குட்' பாதகமான குறிப்புதான், எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஒரு மனிதரைப் பாராட்டியே கவிழ்க்க முடியும் என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டதில் எனக்கு அல்ப திருப்தி. பிறகு மதிப்பெண் முறை வந்தது: ஆறிலிருந்து எட்டுக்குள் என்றால் 'வெரி குட்'. இலக்கணம் போய்த் தசமஸ்தானம் வந்து சேர்ந்தது.

என் பையன் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். லண்டன்காரர் 'க்வைட் குட்' என்று எழுதினால் பரவாயில்லை, சுமார் என்று அர்த்தமாம். அமெரிக்கக்காரர் எழுதினால் நிஜமாகவே நன்றாக இருக்கிறதாம். மெயிலைத் திறக்கும்போது யார் அனுப்பியது என்று முதலில் பார்த்துக்கொள்கிறான்.

போன வாரம் சாப்பாடு கொண்டுவந்த பையன் வாசலிலேயே நின்றான். "ரேட்டிங் போட்டுடுங்க சார்."

நாலு நட்சத்திரத்தில் விரலை வைத்தேன்.

"நாலு வேணாம் சார், நாலு போட்டா எங்களுக்குப் பிரச்சினை."

"நாலுன்னா குட்தானேப்பா?"

"அதான் சார் பிரச்சினையே."

ஐந்தையும் போட்டேன். எட்டிப் பார்த்தவன், "அப்படியே கீழ 'எக்ஸலன்ட்'னு ஒண்ணு இருக்கும், அதையும் அமுத்திடுங்க சார்" என்றான்.