கரிராமனுக்கே சரிப்படவில்லையாம்

கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டுக்குப் பால் காய்ச்சி ஒரு வாரம் ஆகிறது. எழுத்தாளருக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. பொங்கி வழிந்ததைத் துடைத்தவர் அவர் என்பது சின்னக் காரணம். ஒன்றாம் வகுப்பில் சேரவேண்டிய மகளிடம் பெரியவர்கள் முறைவைத்துச் சொன்ன ஒரே வசனம்தான் பெரிய காரணம்: “பயப்படாத கண்ணு, சாமி பாத்துக்கும்.”

சொன்ன வாய் மூடுவதற்குள் அவரவர் செய்த காரியங்களைப் பார்க்க வேண்டும். மாமியார் ராகுகாலத்தைத் தள்ளினார், எமகண்டத்தைத் தள்ளினார், குளிகையில் சற்றுத் தயங்கினார். கடைசியில் மிஞ்சியது விடிகாலை நாலரை. (நேரம் பார்த்துக் கொடுத்த ஆப் எழுத்தாளரின் போனில்தான் இருந்தது.) முதலில் உள்ளே போகவேண்டியது உப்பா மஞ்சளா என்று வாசலில் கால் மணி நேரம் விவாதம் நடந்தது. உப்பும் மஞ்சளும் வெளியே காத்திருக்க, நடுவில் துடைப்பம் உள்ளே போய்விட்டது. துடைப்பத்தை யார் கொண்டுபோனது என்று தனி விசாரணை. எலுமிச்சை, பச்சை மிளகாய், படிகாரம், பூசணிக்காய் எல்லாம் தொங்கவேண்டிய இடத்தில் தொங்கின. அப்புறம் பால். அது தெற்குப் பக்கம் பொங்கியது. தெற்கு எமன் திசை. அத்தை விசும்பினார். சமையல் மேடை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று எழுத்தாளர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆனால் பெரியப்பா வாங்கினார். அடுப்பின் தெற்குக் கால்களுக்கு அடியில் பழைய கல்யாணப் பத்திரிகை இரண்டை மடித்து முட்டுக்கொடுத்து, மறுபடி காய்ச்ச வைத்தார். பால் கிழக்கே பொங்கியது. “பாத்தியா, சாமி இருக்கு” என்றார் பேத்தியிடம்.

பத்திரிகை வைத்தது யார் என்று அவள் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்: “சாமிக்கு இந்த வீட்டு அட்ரஸ் தெரியுமா?”

பதில் மேற்கே மலையாக நிற்கிறது. கல்வராயன் மலையின் மலையாளிகள் (கேரளத்துக்காரர்கள் அல்ல, பேசுவது தமிழ்) காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய பரம்பரைக் கதை. எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரி துணையோடு 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் அதைப் பதிவு செய்திருக்கிறார். அதில் ஒரு வடிவம் பிரமாதம். கரிராமன் என்ற சாமிக்குக் காஞ்சியில் இருப்புக் கொள்ளவில்லை, கிளம்பிவிட்டார். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று பக்தர்கள் குடும்பத்தோடு பின்னாலேயே புறப்பட்டார்கள். சேலம் பக்கம் வந்து மூவரும் ஆளுக்கொரு வழி பிரிய, பெரியண்ணன் போய்ச் சேர்ந்த இடம் சேர்வராயன்.

முதலில் வீடு மாறியது சாமி! எழுத்தாளர் இதை மகளுக்குச் சொல்ல வாயெடுத்தார். “சாமிக்கே சரிப்படலேன்னு குழந்தைகிட்ட சொல்லாதீங்க” என்று மாமியார் அடக்கிவிட்டார்.

சரி, திருக்கோவிலூர். அதே மாவட்டம், தென்பெண்ணைக் கரை. மழை இரவில் ஓர் இடைகழி: ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் நின்றபோது நாலாவதாக ஒருவர் இருட்டில் நெருக்கிக்கொண்டு வந்தார், அவர் பெருமாள். அட்ரஸ் விஷயத்தில் இதைவிட ஆறுதலான கதை இல்லை. வீட்டுக்காரர் “ரெண்டு பெட்ரூம்” என்று வாடகைக்கு விட்ட இடத்தின் அளவும் ஏறக்குறைய அந்த இடைகழிதான்.

ஊரே இடம் மாறிய ஊர் கள்ளக்குறிச்சி. 1993 வரை தென்னாற்காடு, பிறகு விழுப்புரம், 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டம். ஒரு மூட்டைகூடக் கட்டவில்லை.

மூட்டை கட்டுகிறவர்கள் மலையில் இருக்கிறார்கள். பெற்றோர் கேரளத்துக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்குப் போக, ஆறு வயதுப் பிள்ளை ஒரு தகரப் பெட்டியோடு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போகிறது. அந்தப் பிள்ளைக்கும் யாரோ “சாமி பாத்துக்கும்” என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னால் எழுத்தாளருக்குக் கோபம் வருவதில்லை. அடுப்புக்கு முட்டுக்கொடுத்த கையோடு சொல்லும்போதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

புது ஊருக்குப் போகும் குழந்தைக்குச் சாமி மேல் நம்பிக்கை வரவைக்க மூன்று வழிகள் உண்டு. அவற்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே தொடங்கியது. முதல் வழியை மகளிடம் விளக்க அவர் உட்கார்ந்தபோது, குட்டியானை டிரைவர் வாசலில் வந்து நின்றார். பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் பேசிய கூலிக்குள் அடக்கம். சாமி படங்கள் கண்ணாடி, அதற்குத் தனியாக முந்நூறு என்றார்.