வெலன் பிரபுவும் தாம்பரம் மின்ரயிலும்: ஓர் அறக்குழப்பவியல் ஆய்வு

இவ்வாய்வின் எல்லை வடக்கே கிண்டி, தெற்கே பெருங்களத்தூர், கிழக்கே சேலையூர், மேற்கே முடிச்சூர். அதற்கு அப்பால் வாழ்வோர் வீடியோ கேமில் யாரை வெறுக்கிறார்கள் என்பது ஆராயப்படவில்லை, பயணப்படி கிடைக்காது.

ஆய்வுப்பொருள், போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட 'தி விட்சர் 3' ஆட்டத்தில் வெலன் பகுதியை ஆளும் இரத்தப் பிரபு. குடிகாரன். மனைவி அன்னாவை அடித்தவன். செத்துப் பிறந்து பேயாகிவிட்ட தன் சிசுவைக் கையில் ஏந்தி, பெயரிட்டு, மன்னிப்புக் கேட்கிறவனும் அவனே. பின்னர் ஒரு மரத்தடி ஆவியை நாம் விடுவித்தால் அநாதைக் குழந்தைகள் பிழைக்கும்; அன்னா சாவாள், பிரபு தூக்கில் தொங்குவான். ஆவியைக் கொன்றால் சித்தம் கலங்கிய அன்னாவை அழைத்துக்கொண்டு அவன் வைத்தியரைத் தேடிப் போவான். குழந்தைகள் கதி அவ்வளவுதான்.

ஆட்டக்காரர் நால்வகையர்.

மன்னிப்போர்: இவர்களைப் பற்றிக் குறிப்பேதுமில்லை.

தூக்கிலிடுவோர்: சிசுவைப் புதைக்கும் காட்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சேவ் போட்டு இரண்டு முடிவையும் பார்ப்போர்: பிற்காலத்தில் இலக்கிய விமர்சகர்களாவார்கள்.

ரயில் வகையினர்: இவர்களே முதன்மையானவர்கள். கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931இல் மின்ரயில் ஓடத் தொடங்கியபோதே இவ்வகைக்கு வித்திடப்பட்டது என்பது என் துணிபு. காலையில் தாம்பரத்தில் ஏறும்போது பிரபு பாவம். சானடோரியத்திலும் பாவமே (சான்று: செவிவழி). குரோம்பேட்டையில், "குடிச்சா அடிச்சிடலாமாடா?" (சான்று: சன்னலோரக் கிறுக்கல், வரி 2, பாடபேதம் வரி 3, நாணயத்தால் சுரண்டப்பட்டது). பல்லாவரத்தில் கூட்டம் ஏறுகிறது. நெரிசல் கூடக்கூடக் கருணை குறைகிறது. பிரபுவுக்குத் தூக்கு உறுதி (சான்று: சீசன் டிக்கெட்டின் பின்புறக் குறிப்பு, மழையில் நனைந்த படி, உலர்ந்த படியில் இவ்வரி இல்லை, இவ்விரு படிகளையும் பதிப்பித்த அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தையும் இல்லை). திரிசூலத்தில் விமான இரைச்சலில் வாதம் கேட்பதில்லை. ஆய்வுலகம் இந்த இடைவெளியை 'இருண்ட காலம்' என்னும். கிண்டியில் கூட்டம் இறங்கி, உட்கார இடம் கிடைத்ததும் பிரபு மறுபடியும் பாவமாகிவிடுகிறான்.

முன்னோடி ஆய்வுகளையும் சுட்டவேண்டும். கண்ணகியா மாதவியா, கும்பகர்ணனா வீடணனா என்று பட்டிமன்றம் நடத்தித் தேர்ந்த ஊர் இது. திரௌபதியை அவையில் இழிவுபடுத்தியவர்கள் பக்கம் நின்றவன் கர்ணன். வட தமிழகக் கூத்தில் 'கர்ண மோட்சம்' விடியவிடிய நடக்கிறது, பி.ஆர். பந்துலுவின் 1964ஆம் ஆண்டு 'கர்ணன்' படத்தில் சிவாஜி சாகும் காட்சியில் கண்கலங்காதவர் அரிது. அப்படி அழுதவரிடம், "அப்போ துகிலுரிஞ்சது சரிதானா?" என்று எவரும் கேட்டதில்லை. பிரபுவைப் பிடிக்கும் என்கிற கல்லூரிப் பையனிடம் மட்டும், "பொண்டாட்டிய அடிக்கிறத ஆதரிக்கிறியா?" என்று கேட்கிறார்கள். கூத்துப் பார்த்த அறிவு கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் எங்கே போகிறதோ!

ஆய்வுமுறை வழக்கமானதே. முடிவு முதலில் எழுதப்பட்டு, தரவுகள் பிறகு திரட்டப்பட்டன. ஆட்டத்தைத் தொடாமலே மூன்று கட்டுரை எழுதி, ஒன்றில் மற்றதை மேற்கோள் காட்டிப் பதவி உயர்வு பெறும் முறையும் பரிசீலிக்கப்பட்டது; அதில் போட்டி அதிகம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மரத்தடி ஆவிக்கு முந்தைய சேவ் ஃபைல் இருந்தால் அழித்துவிடாதீர்கள். வைவா அடுத்த மாதம். நெறியாளர் இன்னும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை.