கதாபாத்திரத்திலிருந்து அர்த்தம் பிழிவது எப்படி?

முதலில் ஒரு சாதாரண ஆளாகப் பார்த்துப் பிடியுங்கள். ராஜா, பண்ணையார் எல்லாம் வேண்டாம். அவர்களுக்கான அர்த்தத்தை எழுதியவரே கையில் கொடுத்துவிடுவார். தெருக்கூத்து என்றால் அர்ச்சுனனை விட்டுவிட்டுக் கட்டியங்காரனைப் பிடியுங்கள். நாவல் என்றால் நம் நடுநாட்டில் சரக்குக்குப் பஞ்சமில்லை. கண்மணி குணசேகரனின் அஞ்சலை இருக்கிறாள். காட்டிய மாப்பிள்ளை ஒருவன், தாலி கட்டியவன் வேறொருவன். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) ஆரோக்கியம் இருக்கிறாள். இப்போதைக்கு ஆரோக்கியம்.

அடுத்து, புத்தகத்தைத் திறக்காமலே ‘விளிம்புநிலையின் குறியீடு’ என்று எழுதிவிடுங்கள். கருத்தரங்கில் பாதி நேரம் அதிலேயே ஓடிவிடும். மீதிக்கு ‘இருத்தலியல் நெருக்கடி’ கைகொடுக்கும். சால்வை நிச்சயம்.

தப்பித்தவறிப் புத்தகத்தைத் திறந்துவிட்டீர்களானால் சிக்கல். ஆரோக்கியம் காலனிக்குத் துணி வெளுக்கிறவள். ஊர் ஒதுக்கிவைத்த அந்தத் தெருவும் தனக்குக் கீழே ஒதுக்கிவைத்த புதிரை வண்ணார் குடும்பம். பிள்ளைப்பேறா, சாவா, அவள் போயாக வேண்டும். மாதச் சம்பளமெல்லாம் கிடையாது. ராத்திரியில் வீடு வீடாய்ப் போய்ச் சோறு வாங்க வேண்டும். அறுப்புக் காலத்தில் களத்து ஓரம் நின்று தானியம் கேட்க வேண்டும். கொடுக்கிறவர்களும் இல்லாதப்பட்டவர்கள்தான். எத்தனை வீட்டில் சோறு விழுந்தது, எந்தக் களத்தில் கை விரித்தார்கள் என்று எண்ணத் தொடங்கினால் குறியீடு மறந்துபோகும். (மறந்தால் நல்லது. சால்வைதான் போய்விடும்.)

பயிற்சி வேண்டுமா? கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறுங்கள். கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை ஏறுவதற்குள், பக்கத்தில் காலிச் சாக்கை மடித்து மடியில் வைத்திருக்கும் அம்மாளிடம் வாழ்க்கையின் அர்த்தம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். “மூட்ட என்னா வெலைக்குப் போச்சிக்கா?” என்று கேளுங்கள். மலையில் பெய்யாத மழை, கடலைக்காய் எடை போட்டவன், மகளின் ஹாஸ்டல் பீஸ் என்று வரிசையாக வரும். நீங்கள் இறங்கும்வரை முடியாது.

அந்த மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அதை வைத்து நாவல் எழுதுகிற யாரும் ஜாகீர்தாருக்கு மீசையும் குதிரையும் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் வரி கொடுத்தவனின் வீட்டுப் பானையில் அன்று என்ன இருந்தது என்று தேடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: தேர்வில் ‘பாத்திரப் படைப்பு’ கேள்வி வந்தால் இதையெல்லாம் எழுதித் தொலைக்காதீர்கள். சோற்றுக் கணக்குக்கு மார்க் கிடையாது.